மயில்துத்தம் படிந்த கடிகாரம்

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. முல்லைப் பெரியாற்றில் முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருக்குப் பைத்தியம் எதன்மேல் என்றால், கடற்படையில் முக்குளிப்பவர்கள் கட்டிய பழைய கைக்கடிகாரங்கள்மேல். பார்த்ததெல்லாம் மலையும் வயலும், பேச்செல்லாம் கடலடி.

எங்களுக்குக் கல்யாணமானது தொண்ணூற்றாறில். மற்ற புருஷர்கள் புதுப்பெண்டாட்டியிடம் என்ன பேசுவார்களோ தெரியாது. இவர் உத்தமபாளையத்து மொட்டைமாடியில் உட்காரவைத்து, இருட்டில் தண்ணீருக்கடியில் போய் எதிரிக் கப்பலுக்கு வெடி வைத்தவர்களைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்காகத்தான் அந்தக் கடிகாரங்கள் பிறந்தனவாம். இருட்டில் தெரிய முள்ளில் ரேடியம் பூசினார்கள். அது உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தபிறகு வேறு பூச்சுக்கு மாறினார்கள். முகப்பைச் சுற்றி ஒரு வளையம். இறங்கும்போது திருப்பி வைத்தால் எத்தனை நிமிடம் ஆயிற்று, காற்று இன்னும் எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குத் தெரியும். பட்டை மாட்டும் கம்பியைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுவார்கள். அரசாங்கச் சொத்து என்பதால் வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். அதனால்தான் வெளியே கிடைப்பது அபூர்வம் என்பார். நான் கொட்டாவி விடுவேன். அவர் அதையும் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு தொடர்வார்.

இவ்வளவு பேசினவரிடம் அசல் ஒன்றுகூட இல்லை. மதுரையில் ஒருவன் கடற்படைக் கடிகாரம் என்று சத்தியம் பண்ணி ஒன்றைத் தலையில் கட்டினான். மறுநாள் முகம் கழுவியபோதே அதற்குள் ஆவி படிந்துவிட்டது. கம்பத்தில் பிரவுசிங் சென்டர் வந்தபிறகு, வங்கி வேலை முடிந்ததும் அங்கே போய் உலகத்தில் யார் யாரோ வைத்திருக்கும் கடிகாரங்களைப் பார்த்துவிட்டு வருவார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சிக்குன்குனியா வந்து ஊரே முடங்கிக் கிடந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஓர் அம்மா டவுன் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். சொந்தத் திராட்சைத் தோட்டம். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. பேங்க்காரருக்குப் பழைய வாட்ச் பைத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துண்டு முடிச்சை அவிழ்க்கக்கூட அவரால் முடியவில்லை, நான்தான் அவிழ்த்தேன். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

பின்மூடியில் அரசாங்க முத்திரையான அம்புக்குறி, எண். பற்றவைத்த கம்பிகள். அவற்றுக்குள் கட்டில் பின்னும் நாடாவைக் கோத்துப் பட்டையாக்கியிருந்தார்கள். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கொச்சியில் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்தாராம். வெளிநாட்டுக் கப்பல்காரர் ஒருவர் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம். எதற்கென்று வீட்டுக்காரர் சொன்னதே இல்லை. அவர் காலமான பிறகு இந்த அம்மா அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார். கை அசைந்தால்தான் ஓடும் கடிகாரம் அது. வளையலுக்கு மேலே அதையும் கட்டிக்கொண்டு களை எடுத்து, கொடி கட்டி, பழம் வெட்டியிருக்கிறார். காய்ச்சலில் கை விழுந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

"இதுக்கும் உசுரு போயிருச்சா சார்?" என்று கேட்டார்.

பார்க்கிறேன் என்று சொல்லி இவர் வாங்கிக்கொண்டார். நான் அந்த அம்மாவைக் காப்பி குடிக்க அடுப்படிக்கு அழைத்துப் போனேன். டம்ளரை எடுக்கக் கூடத்துப் பக்கம் வந்தபோது கண்டேன். இவர் கடிகாரத்தை மெல்ல நாலு ஆட்டு ஆட்டினார். நொடிமுள் ஓடத் தொடங்கியது. இவர் சட்டென்று அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா அதை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். இவர் ஆசையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் இவருக்கு நான் எப்படிச் சோறு போடுவேன்?

இவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார். கடிகாரத்தை அந்த அம்மாவின் காதோரம் வைத்தார். காப்பி ஆறும்வரை அந்த அம்மா அழுதார்.

பிறகு லென்ஸை வைத்துப் பார்த்து, வளையத்துக்கடியில் படிந்திருந்த நீலப்பச்சைக் கறையைக் காட்டி, எத்தனை கடல் பார்த்த உப்போ என்று இவர் உருகினார்.

"அது கடலு இல்ல சார். திராட்சைக்கு நோவு வராம அடிச்ச மயில்துத்தம்" என்றார் அந்த அம்மா.

அக்காவுக்குக் கை சரியாகும்வரை கடிகாரம் இவர் கையில் இருப்பதென்று ஆயிற்று. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அக்கா. ஒரே ஒரு கட்டளைதான்: சாவியைத் திருகக் கூடாது. "தண்ணி உள்ள போயிரும்னு அவுக சொல்லியிருக்காக." அதனால் நேரம் திருத்தவும் வழியில்லை. காலையில் வங்கி திறக்கும்போது மத்தியானம் இரண்டரை காட்டும். கூட வேலை பார்த்தவர்கள் கேலி பண்ணினார்கள். இவரோ அதை ஓட்டவேண்டும் என்று பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்!

படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தக் கறையைத்தான் கொண்டாடினார்கள். துடைத்துவிடாதே, கடலின் கையெழுத்து என்றார்கள். கொச்சிக்காரர் ஒருவர் குமுளி வழியாகக் காரில் வந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். எனக்குச் சொந்தமில்லை என்று இவர் பதில் எழுதினார். துத்த விஷயத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்தது. அக்கா தோட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. அவர் கேட்டு அனுப்பவில்லை. வீக்கம் இன்னும் முழுசாக வடிந்திருக்காது என்று இவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய் சும்மா இருக்காத நான் அந்த ஒரு விஷயத்தில் வாயே திறக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை இவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போயிட்டு வந்துருவோம்" என்றார்.

திராட்சைப் பந்தலுக்கடியில் அக்கா கையை நீட்டினார். இவர் நாடாவைக் கட்டிவிட்டார். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "எனக்குக் கை ஓஞ்சா இது உங்ககிட்ட வந்துரும் தம்பி. நிக்க மட்டும் விட்டுறாதீக." திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. ஊர் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று வருஷம் கழித்து அக்காவின் மகள் வந்தார். அக்காவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். பையில் வைத்தால் நின்றுவிடுமோ என்று தன் கையிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். இவர் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் இவருக்கு டைபாய்டு. தேனி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். ஊசி ஏற்றக் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். மேஜைமேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கையில் கட்டிக்கொண்டேன். நல்ல கனம். அந்த வராந்தாவில் நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன். அது நின்றால் இவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். படித்தவள்தான், பயத்துக்குப் படிப்பு ஏது.

காய்ச்சல் விட்டுக் கண் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; என் கையைத்தான் பார்த்தார்.

"ஓடுதா?" என்றார்.

இவர் காதில் வைத்துக் காட்டினேன்.