ரப்பர் இலை நாற்காலி

மலேசியாவின் நீலாய் நகரில் ஒரு கடையில், இலை வடிவில் வார்த்த அலுமினிய நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். அதன் நரம்புகள் உள்ளங்கையில் குளிர்ந்ததும் சின்னம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாயாவில் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, எங்கள் ரப்பர் எஸ்டேட்டின் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் காலையில் போலீஸார் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் சின்னம்மாவுக்கு முழங்கால் பழுது. ஒருநாள் வரிசையிலேயே விழுந்துவிட்டார்.

"நிக்க முடியலன்னா பேர வெட்டிருவேன்," என்றார் கங்காணி. பேர் போனால் லயத்து வீடும் போய்விடும்.

அன்று மாலையே சின்னம்மா கரித்துண்டால் ஒரு நாற்காலி வரைந்தார். ரப்பர் இலைதான் இருக்கை, காம்புகள்தான் கால்கள். எஸ்டேட் பட்டறையில் வேலை செய்த அந்தோணி மாமா அதை மரத்தில் செதுக்கி, மணலில் அச்சுப் பதித்து, கழித்துப்போட்ட அலுமினியத் தட்டுகளை உருக்கி ஊற்றினார். சின்னம்மா உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் முறிந்தது.

"காம்பு தாங்காதும்மா," என்றார் மாமா.

"அப்ப வேரா வச்சிருங்கண்ணே. மரமே அதுலதானே நிக்குது!"

பருத்த வேர்க்கால்களோடு நாற்காலி கேட்டுக்கு வந்தது. கங்காணி அதைத் தூக்கி எறியச் சொன்னார். ஆனால் மலாய்ப் போலீஸ்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டுடோக்லா!" என்று சின்னம்மாவை உட்காரச் சொன்னார். சின்னம்மா உட்கார்ந்தார். வரிசையே குலவை போட்டது.

பிறகு எல்லாப் பெண்களும் கேட்டார்கள். சின்னம்மா வரைந்தார், மாமா வார்த்தார்; வேலியோரம் ஒரு நீளமான பெஞ்சு வந்தது. அதன்பின் எங்கள் பெண்கள் யாரும் நிற்கவில்லை. உட்கார்ந்தே இருந்தார்கள், சோதிக்கிறவர்கள்தான் அவர்களைத் தேடி நடந்து வந்தார்கள்.