சிலுப்பாத கிடா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். கறி தின்பவர்களுக்குக் கோபம் வரும். தின்னாதவர்கள் தங்கள் கட்சிக்கு ஆள் கிடைத்ததாக நினைப்பார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. உடம்பு தளர்ந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது.

ஐம்பதுகளின் கடைசியில், பூம்பாறையில், எங்கள் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டரும் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லாத அன்று, பிள்ளை பிழைத்தால் கருப்பனுக்குக் கிடா வெட்டுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஒரு குட்டியை நேர்ந்துவிட்டு வளர்த்தோம். கோசு இலையும் பீன்ஸ் கொடியும் தின்று கொழுத்தது.

மறு தையில் கோயிலுக்கு ஓட்டிப்போனோம். கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. மலைக் குளிரில் எந்தக் கிடாவும் முதல் கைத் தண்ணீரிலேயே சிலுப்பிவிடும். எங்களுடையது அசையவில்லை. பூசாரி மறுபடியும் தெளித்தார். செம்பு காலியாயிற்று. அது கழுத்து மாலையிலிருந்து உதிர்ந்த பூவை மென்றுகொண்டு நின்றது.

வெயில் உச்சிக்கு வந்தது. மசாலா அரைத்து வைத்தாயிற்று. உலைத் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. பசியில் சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள்.

"மாப்ளே, ஒங்க கெடா தெனம் பச்சத்தண்ணியில குளிச்சுப் பழகுனதோ?"

"ஏலே, கருப்பனுக்கு இன்னிக்குக் கிருத்திகை விரதம் போல!"

மனைவியின் அண்ணன் எழுந்தார். "காதுக்குள்ள கொஞ்சம் ஊத்துங்க பூசாரி. தானாச் சிலுப்பும். வெரசா சோலியப் பாப்போம்."

அப்படிச் செய்வது உண்டு, எல்லோருக்கும் தெரியும். பூசாரி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மகள் அவள் மடியில் இருந்தாள், காய்ச்சலில் கொட்டிய முடி இன்னும் சரியாக வளராத தலையோடு.

"வேணாம்ண்ணே," என்றாள். "அதுகிட்டக் கேக்கத்தானே தண்ணி தெளிக்கிறோம்? காதுல ஊத்திச் சிலுப்ப வச்சா, அது கேக்குறதா?"

"நேர்ந்தத நிறுத்திப்புட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். வந்தவர்களுக்கு மொச்சைக் குழம்பு வைத்தோம். அவள் அண்ணன் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் மகள் இருமினாலே இவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், விபூதி பூசுவாள். கறி சமைத்தால் எங்களுக்குப் போட்டுவிட்டு, தனக்கு வெறும் ரசம் ஊற்றிக்கொள்வாள். மகள் நல்லபடியாக வளர்ந்தாள். தாயின் பயம் மட்டும் தீரவில்லை. கிடா கிழடாகிச் செத்தது; பூண்டுக் காட்டு ஓரத்தில் புதைத்தோம்.

நான் இன்றும் கறி தின்கிறேன். ஆனாலும் கோயிலில் ஒரு கிடா சிலுப்பும்போது, இது குளிரா சம்மதமா என்று கருப்பனைக் கேட்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை.

சாமி இறங்கித் தடுத்தது என்று ஊரில் இப்போது சொல்கிறார்கள். கிடாவுக்கு ஏதோ சீக்கு என்கிறார்கள் சிலர். நான் பார்த்தது, பயந்துகொண்டே ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதை. யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சாமியையும் சேர்க்க வேண்டாம், அவள் பயத்தையும் எடுத்துவிட வேண்டாம்.