ஆற்றங்கரை வால்வும் கோரைப் பள்ளமும்

1. முதல் நாள்

ஆற்றங்கரைப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒரு லீக்கை நிறுத்தினேன். அங்கே நான் செய்த முதல் தப்பு அதுதான். தப்பு என்று எனக்குத் தெரிய ஆறு வாரம் ஆனது.

அதற்கு முன் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பம்ப் ஃபிட்டராக இருந்தேன். அங்கே லீக் என்பது கெட்ட வார்த்தை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தரையில் ஈரம் தெரிந்தால், அது யார் பார்த்த பம்ப் என்று பேர் சொல்லிக் கேட்பார்கள். கம்பெனி வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. வீடு இருக்கும் அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, நகரம் மூச்சு வாங்கி நின்றுவிடுகிற ஓரத்தில், அர்க்காவதி ஆற்றின் கரையில் இந்த வேலை கிடைத்தது.

ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர் தள்ளிய பழைய பம்ப் ஹவுஸையும் அதைச் சுற்றிய இடத்தையும்தான் பூங்கா ஆக்கியிருந்தார்கள். செங்கல் புகைபோக்கியின் வாயில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஓடி ஓய்ந்த ஃபிளைவீல் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே சிலந்திகள் குடித்தனம். வெயில் ஜன்னல் வழியாக வந்து இரும்பின் மேல் படுத்துக்கொள்ளும். முதல் நாள் ஒரு மணி நேரம் சும்மா சுற்றி வந்தேன். இத்தனை இரும்பு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

இரும்புக்கு நான் பொறுப்பு. செடி, பூச்சி, பறவைக்கு ரோஸ்லின். அவள் அல்சூர்க்காரி, நாற்பது வயது, பள்ளிப் பிள்ளைகளைப் பூங்காவுக்குள் இயற்கை நடைக்குக் கூட்டிப் போகிறவள். எங்கள் இருவருக்கும் மேலே மேனேஜர் ஷைலஜா மேடம்.

ஆற்றின் மேல்பக்கத் தடுப்பணையிலிருந்து வரும் பழைய பைப் லைனில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அதைத் திறந்து மூட ஒரு ஸ்லூஸ் வால்வு. அதன் தண்டு வெளியே வரும் கழுத்தை கிளாண்ட் என்போம். தண்ணீர் கசியாதபடி கயிற்றைத் திணித்து நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அந்தக் கழுத்திலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை அரித்தது. மேலே தடுப்பணையில் மதகை இறக்கித் தண்ணீரை நிறுத்தி, மக்கிப்போன கயிற்றைக் குத்தி எடுத்து, புதுக் கயிறு வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். மதகைத் தூக்கினால் ஒரு சொட்டு இல்லை. மேடம் வந்து பார்த்து, வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாதது உங்கள் கண்ணில் பட்டதே என்று என்னை வால்வோடு நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

2. பள்ளம் வெடித்தது

பம்ப் ஹவுஸுக்குக் கீழே ஆற்றை ஒட்டி ஒரு கோரைப் பள்ளம் இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், தவளை, நத்தை, சிவப்புத் தும்பி. குளிர்காலத்தில் உள்ளான் குருவிகள் வந்து நீண்ட அலகால் சேற்றைத் தைக்கும். ரோஸ்லினின் நடை முடிகிற இடம் அது. பிள்ளைகள் அங்கே வந்ததும் தானாகவே குசுகுசுவென்று பேச ஆரம்பிப்பார்கள்.

மார்ச்சில் அது வற்றியது. கோரை மஞ்சளாகி, சேறு அப்பளம் போல் வெடித்தது. மேடத்துக்கு அந்த இடத்தில் முன்பிருந்தே ஒரு கண். கல் பாவி, பெஞ்ச் போட்டால் குடும்பங்கள் உட்காரும் என்பது அவர் யோசனை. பள்ளத்தில் தண்ணீர் இருந்தவரை ரோஸ்லின் தடுத்து வைத்திருந்தாள். இப்போது அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கல் லாரி வரும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

வெயில்தான் காரணம் என்றேன். ரோஸ்லின் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். போன வருஷம் இதே மாதம், இதே வெயில், கணுக்கால் தண்ணீர். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான்.

"அடியில ஊத்து இருக்குன்னு நெனச்சினு இருந்தேண்ணா. ஊத்து எங்கனா சொல்லாம கொள்ளாம லீவு போடுமா?"

நான் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் தனியாக வால்வு மேடைக்குப் போனேன். கிளாண்டுக்குக் கீழே கல்லில் காய்ந்த பாசி, பச்சை போய்க் கறுத்து, ஒரு ரிப்பன் போல இறங்கியது. அதன் கூடவே இறங்கினேன். படிக்கட்டு ஓரம், வேலிக்கு அடியில், புங்க வேர்களைச் சுற்றி. ரிப்பன் பள்ளத்தில் போய் முடிந்தது.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. என் போட்டோ ஆபீஸ் போர்டில் இருந்தது. மூன்றாம் நாள் புதன்கிழமை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ரோஸ்லினிடம் போய், அந்த ஊற்று நான் அடைத்த வால்வுதான் என்றேன்.



"இருவத்திரெண்டு வருஷம் சர்வீஸு. ஒரு தவளைகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருக்கும்." டிபன் பாக்ஸை மூடினாள். "ஸ்பேனரு எடு. வா."

3. அளவாக ஒரு லீக்

லீக்கை நிறுத்த எனக்குத் தெரியும். அளவாக உண்டாக்க யாரும் சொல்லித் தந்ததில்லை. மதகை இறக்கி, கயிற்றில் இரண்டு சுற்றை உருவி, மறுபடி மதகைத் தூக்கினேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் வெறும் வியர்வை. இன்னும் தளர்த்தினால் முகத்தில் பீய்ச்சியது, கீழே மண்ணை அரித்தது. அவள் பள்ளத்தில் நின்றாள், நான் மேலே. கால் திருகு, அரைக்கால் திருகு. கூட, குறை என்று அவள் கையைக் காட்டக் காட்ட, சாயங்காலம் வரை ஆனது. கடைசியில் அவள் கை அசையாமல் நின்றது.

பிறகு இருவரும் மேடத்திடம் போனோம். நடந்ததை நானே சொன்னேன்.

"அப்போ செல்வம், லீக்க நாம மெயின்டெயின் பண்ணணுமா? ரிப்போர்ட்ல ஏனு எழுதறது நானு?"

என்ன எழுதுவது என்று மேடம் தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டதற்கு, வால்வு வேலை செய்கிறது என்று எழுதச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை லாரி வாசலில் நின்றது. பள்ளம் நிறையவில்லை. வெடிப்புகள் மட்டும் மூடி, நடுவே ஒரு தாம்பாளம் அளவு தண்ணீர் மினுங்கியது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். சேறு கணுக்காலைப் பிடித்தது. எங்கிருந்தோ ஒரு தவளை கத்தியது, ஒன்றே ஒன்று. மேடம் அப்படியே நின்றார். பிறகு லாரிக்காரரை போனில் கூப்பிட்டு, கல்லை பார்க்கிங் பக்கம் இறக்கச் சொன்னார். போர்டில் இருந்த என் போட்டோவை அன்றே நான் கழற்றிவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தண்ணீர் ஒழுகினால் உடனே இறுக்காதீர்கள். அது எங்கே போகிறது என்று கூடவே ஒருமுறை நடந்து பாருங்கள். பத்தில் எட்டு தடவை சாக்கடைக்குத்தான் போகும். திரும்பி வந்து நன்றாக இறுக்குங்கள்.