தெளிவாக வந்தது, சரக்கில்லை

அந்த என்சைம் கம்பெனியில் அவளுக்கு 'மிளகாய்' என்று பட்டப்பெயர். காதுபடவே சொல்வார்கள். பெயர் வைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத கூட்டம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தொட்டியில் கிருமிகளை வளர்த்து, அவை சுரக்கும் என்சைமை எடுத்து, சலவைத்தூள் செய்கிறவர்களுக்கு விற்பது கம்பெனியின் பிழைப்பு. வளர்ப்பது எளிது, பிரிப்பதுதான் தலைவலி. கஞ்சிபோலக் கிடக்கும் குழம்பில் கிருமியைத் தடுத்து நிறுத்தி, என்சைமை மட்டும் வெளியே விடவேண்டும். பிளாஸ்டிக் வடிகட்டிகள் சூடான காரக் கரைசலில் கழுவக் கழுவ நைந்துபோயின. வடிகட்டிக் குழாயைப் பீங்கானில் செய்கிறேன் என்று மிளகாய் கிளம்பினாள்.

"என்னம்மா, பூச்சாடியா?" என்று இளித்தார் மேலாளர். வாய்ச்சவடாலிலேயே நாற்காலி பிடித்தவர். அவள் வீட்டுக்காரரோ, "ஊரெல்லாம் பீங்கான்ல சாப்பிடுது, இவ அதுல ஓட்டை போடுறா" என்ற ஒரே நகைச்சுவையை வருகிற சொந்தக்காரரிடமெல்லாம் புதுச்சரக்குபோல விற்றுக்கொண்டிருந்தார்.

மேலாளர் அவசரப்படுத்தியதால் ஈரம் காயாமல் சூளைக்குப் போன முதல் குழாய்கள் கோணிக்கொண்டு வந்தன. அடுத்த தடவை அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. பொறுமையாகக் காயவைத்து, சுட்டு, உட்சுவரில் மெல்லிய பூச்சு ஏற்றினாள். அந்தப் பூச்சின் துளைகள்தான் உண்மையான வடிகட்டி. கூட வேலைபார்த்த, மூக்குக்கண்ணாடி போட்டதால் 'கண்ணாடிக்காரி' என்று பெயர் வாங்கிய பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "துளை இவ்வளவு பொடிசா வேணாம்க்கா."

"எனக்கே சல்லடை பிடிக்கச் சொல்லித் தர்றியா?" என்றாள் மிளகாய்.

தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்த நாளில் குழாய்க்குள் பழுப்புக் குழம்பு போனது. வடிந்ததை வெளியே விடும் பக்கவாட்டுக் குழாயில் கண்ணாடிபோலத் தண்ணீர் வந்தது. கைத்தட்டல் பறந்தது. "எங்க டீமோட சாதனை!" என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

மிளகாய் அதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். முகம் கறுத்தது. திரும்பி வந்து வாயைத் திறந்தாள்.

"அப்புறம் பேசிக்கலாம்," என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

"கைதட்டினது போதுங்க. இதுல சரக்கே இல்ல. துளை ரொம்பப் பொடிசு, என்சைமும் கிருமியோட உள்ளேயே நின்னுடுச்சு. தப்பு என்னோடது."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மேலாளர்.

"டீம் அதுக்குள்ள எங்க சார் போச்சு?"

யாரும் சிரிக்கத் துணியவில்லை.

அன்று சாயங்காலமே கண்ணாடிக்காரியின் மேசைக்குப் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "நீ சொன்ன அளவு என்ன?" என்று மட்டும் வந்தது.

"இப்ப எனக்குச் சல்லடை பிடிக்கத் தெரியுமாக்கா?"

"தெரியும். சொல்லித் தொலை."

துளையைப் பெரிதாக்கினார்கள். கிருமி சுவரில் அப்பிக்கொள்ளாதபடி குழம்பை வேகமாக ஓடவிட்டார்கள். என்சைம் வந்தது, காரத்தில் எத்தனை முறை கழுவினாலும் குழாய் அசையவில்லை.

கம்பெனிப் பத்திரிகையில் மேலாளர் படம் வந்தது, குழாயைப் புல்லாங்குழல்போலப் பிடித்தபடி. கண்ணாடிக்காரி கொதித்தாள். "ஊதட்டும் விடு, சத்தமாவது வருதான்னு பார்ப்போம்," என்ற மிளகாய், நேரே தலைமையகத்துக்கு எழுதி, சூளை அறையையும் அதன் சாவியையும் தங்கள் இருவர் பொறுப்பில் வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் விருந்தாளிகளோடு வந்த மேலாளர் கதவைத் தட்டினார். "உள்ள வரலாமா?"

"சூளை சூடா இருக்கு சார். வெளியில நின்னே விளக்கிடுங்க, உங்களுக்கு அது பழக்கம்தானே."

வெளியே அவர் விளக்கத் தொடங்கினார். உள்ளே இருவரும் அடுத்த குழாய்களை அடுக்கினார்கள்.