மஞ்சள் வேண்டாம் என்றவர்

மாடி கட்டலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் நான் ஒரு விவசாயி என்பது எனக்குத் தெரியவந்தது.

எங்கள் வீடு சரவணம்பட்டி தாண்டி, சத்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். எதிரெதிரே கார் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். பிளான் போட வந்த இன்ஜினியர், அப்போதுதான் வெளியாகியிருந்த வரைவு மாஸ்டர் பிளானை லேப்டாப்பில் திறந்து எங்கள் சர்வே நம்பரைத் தேடினார். குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. எங்கள் தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது. விவசாய மண்டலத்தில் மாடிக்கு அனுமதி வாங்குவது கஷ்டம் என்றார். வேண்டுமானால் மோட்டார் ரூம் கட்டிக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். இதுவரை வளர்த்த ஒரே பயிர் தொட்டியில் இருக்கும் கற்றாழை. அதுவும் தானாக வளர்ந்தது.

தெரு முடிகிற இடத்தில் கம்பிவேலி. அதற்கு அந்தப்பக்கம் தோட்டம். தென்னை, சோளம், சில மாடுகள். எங்கள் மனைகள் எல்லாமே ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்துக்காரருடையவைதான். தங்கைகளுக்குப் பங்கு பிரித்தபோது பாதியை விற்றுவிட்டு மீதியை உழுதுகொண்டிருக்கிறார். பால் கறக்கும்போதுகூடக் காதில் புளூடூத் மாட்டியிருப்பார். வரைபடத்தில் அவருடைய தோட்டம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

வேலியோரம் போய் விஷயத்தைச் சொன்னேன். கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டிவிட்டு வந்து செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, நான் வித்ததத் தோட்டம்னு போட்டிருக்காங்க. விக்காதத ஊடுன்னு போட்டிருக்காங்க.”

வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஏற்கெனவே தோட்டத்தை விற்கச் சொல்லி நச்சரிப்பதாகவும், இந்த மஞ்சளைப் பார்த்தால் விடமாட்டான் என்றும் சொன்னார்.

ஆட்சேபணை கேட்கும் நாளில் அவருடைய காரிலேயே இருவரும் போனோம். கூடம் நிரம்பியிருந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: பச்சையை எடுத்துவிட்டு மஞ்சளாக்குங்கள். என் மனுவும் அதுதான் என்பதால் ஒரு நிமிடத்தில் வாங்கி வைத்துவிட்டார்கள். அடுத்து அவருடைய மனுவைப் படித்த அதிகாரி, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நல்ல மனிதர். மாற்றி எழுதிவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லீங்க சார். அங்க மாடு கட்டியிருக்குதுங்க,” என்றார் இவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். உண்மைதான் என்பதுபோலத் தலையாட்டினேன். நேரில் வந்து பார்த்தால் தெரியும் என்றேன். அது நடைமுறையில் இல்லை, சாட்டிலைட் படம் இருக்கிறது என்றார். வெளியே வந்ததும், அந்தச் சாட்டிலைட்டின் கண்ணுக்கு என் வீடும் அவர் சோளக்காடும் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர் யோசித்துக்கொண்டே கார் ஓட்டினார். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். ஒரே ஊரில் மண்டலம் மாறிப்போன இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம்.

நாங்கள் மறந்துபோயிருந்த சமயத்தில் திருத்திய பிளான் வந்தது. எங்கள் தெரு மஞ்சளாகியிருந்தது. அவருடைய மனுவையும் தள்ளிவிடவில்லை. பச்சை கேட்டவருக்குப் பச்சையே கொடுத்திருந்தார்கள். ஆனால் அது வேறு பச்சை. ஓரத்தில் இருந்த விளக்கத்தைத் தேடிப் படித்தேன்: பூங்கா மற்றும் திறந்தவெளி. இவ்வளவு வீடுகள் இருக்கும் பகுதிக்கு ஒரு பூங்கா வேண்டாமா என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பக்கத்தில் காலியாகத் தெரிந்தது அவருடைய தோட்டம்தான். நிலத்தை எடுப்பார்களா, எப்போது எடுப்பார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் பட்டாசும் பூங்கொத்துமாகப் படங்கள் வந்து விழுந்தன. பார்க் வந்தால் சைட் விலை ஏறும் என்று ஒருவர் மகிழ்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலையே உட்கார்ந்து அவருக்காகப் புதிய ஆட்சேபணை ஒன்றை எழுதி எடுத்துப் போனேன்.

அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

“இது இப்படியே இருக்கட்டுமுங்க அம்மணி.”

ஏன் என்று கேட்டேன். அன்று காலையில்தான் மகன் ஒரு புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தானாம். புரோக்கர் செல்போனில் பிளானைப் பார்த்தாராம். பூங்கா என்று தெரிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாராம். மகன் வெகுநேரம் மோட்டார் ரூம் திட்டில் உட்கார்ந்திருந்தானாம்.

“பாவமாத்தான் இருந்துதுங்க. ஒரே பையன். அவங்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. இப்ப கவர்மெண்டே சொல்லிப்போட்டுது.”

என்றாவது ஒருநாள் உண்மையாகவே பூங்கா கட்ட வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இந்தத் தெருவுக்குத் தார் போடுகிறோம் என்று சொன்னவர்களே இன்னும் வரவில்லை என்றார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்துப் போடப் போய்விட்டார்.

எங்கள் மாடி எழும்பிவிட்டது. தெருவில் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் புரோக்கர்கள் பார்க்குக்குப் பக்கத்து வீடு என்று சொல்லித்தான் வாடகை பேசுகிறார்கள். அப்படி வந்த ஒருவர், விலை உயர்ந்த வாக்கிங் ஷூவோடு ஒரு காலையில் வேலியோரம் நின்றிருந்தார். உள்ளே சோளம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பார்க்கை எப்போது திறப்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.

அறுவடை முடியட்டும் என்றேன்.