கிழங்கு இல்லாத சுவர்

ஒரு புரதத்தைத் தேடி மரக்கறிக் கடைக்குப் போனவன் நான். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை. ஜெர்மனியில் ஒரு தாவர ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன். ஆராய்ச்சியாளர் சபினா ஒரு தட்டில் சுருண்டு குறண்டிக் கிடந்த முளைகளைக் காட்டி, "இதில் க்னொல்லெ இல்லை" என்றாள். அவர்கள் மொழியில் க்னொல்லெ என்றால் கிழங்கு. மத்தியானம் நல்லதாகப் பார்த்து உருளைக்கிழங்கு வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தேன். கிழங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவிக்கவா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

சிரித்து முடிந்தபின் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கச் சொன்னாள். செடியின் உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரிகையில் நடுவே சுவர் எழவேண்டும். அதற்கான சாமான்களை மென்சவ்வுப் பைகள் சுமந்துகொண்டு நடுவுக்கு வரும். அந்தப் பைகளை ஒன்றோடொன்று சேரவைக்கும் புரதத்துக்குத்தான் க்னொல்லெ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் பைகள் வந்து குவிந்து நிற்கும், சுவர் முடியாது. நான் பார்த்தது அதைத்தான்: அரைகுறைச் சுவர், ஒரே அறைக்குள் இரண்டு உட்கருக்கள்.

கண்ணை எடுத்துவிட்டேன். அந்த அறையை எனக்குத் தெரியும்.

ஊரில், கரவெட்டி வீட்டில் நானும் தம்பியும் ஒரே அறையில் படுத்து, ஓயாமல் எங்களுக்குள் அடிபட்டோம். பொறுக்கமாட்டாமல் அப்பா அறைக்கு நடுவே சுவர் கட்டத் தொடங்கினார். அது இடுப்பளவுக்கு வந்தபோது யுத்தத்தால் சீமெந்துக்குத் தடை வந்தது. அதன்பிறகு சோதனைச்சாவடி தாண்டி ஒரு பையும் வரவில்லை. தம்பிக்கு அது வசதியாய்ப் போயிற்று. லாம்பை அணைத்ததும் சுவருக்கு மேலால் தலை நீட்டுவான்.

"அண்ணை, நித்திரையோ?"

"ஓம்."

"நித்திரை கொள்ளுறவன் கதைப்பானோ?"

நான் வெளிநாடு வந்தேன். அவன் கடைசி யுத்தத்தோடு காணாமல் போனான். இங்கே இன்றும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. மேலால் யாரோ பார்ப்பதுபோல இருக்கும்.

போன மாதம் ஊரிலிருந்து தங்கச்சி அழைத்தாள். "அண்ணை, மேசன் வந்து நிக்கிறான். நீங்களும் சின்னண்ணையும் படுத்த அறைச் சுவரை மேலை கட்டுறதோ, இடிக்கிறதோ? ஒரு முடிவு சொல்லுங்கோ."

இப்போது சீமெந்து சந்திக்குச் சந்தி கிடைக்கிறது. கட்டினால் தம்பியை அடைத்ததாகும். இடித்தால், அவனுடைய பக்கம் என்று ஒன்றே இருக்காது. இதைச் சொல்ல வாய் வராமல் புரதத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த முளையள் பிறகு என்னாகும்?"

"வளராது. செத்துப்போகும்."

"மேசன் நிக்கிறான், அண்ணை" என்றாள். "சுவர் அப்படியே கிடக்கட்டும், பிள்ளை" என்றேன்.

மறுகிழமை அறையின் படம் அனுப்பினாள். தம்பியின் பக்கம் கூட்டித் துடைத்து, பாய் விரித்திருந்தது. என்னுடைய பக்கத்தில் நிலம் தெரியாமல் வெங்காயம்.

"என்ரை பக்கத்திலை என்ன இது?" என்று கேட்டேன்.

"சின்னண்ணை வந்தால் படுக்க இடம் வேணுமெல்லோ" என்றாள். "நீங்கள் எங்கை வரப்போறியள்?"