மாமனாரின் மைக்கும் என் டொக்கும்

எங்கள் செல்லூர் டீமில் நான் பவுலர். பேட்டிங்கில் கடைசி ஆள். கடைசி ஆளுக்கென்று ஒரு தர்மம் உண்டு: டொக்கு வைக்க வேண்டும். பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு ஓடிப்போய், எதிர்முனையில் நிற்கிற நல்ல பேட்ஸ்மேனிடம் ஆட்டத்தை ஒப்படைத்துவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மைக்கில் ஒருவர் ஊருக்கே விளக்கிச் சொன்னால், அந்த ஒருவர் நம் மாமனாராகவும் இருந்தால், வெட்கம் பிடுங்கித் தின்னும்.

என் மனைவியின் ஊர் நாகமலை புதுக்கோட்டை. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட். எங்களுக்கு எதிரே அந்த ஊர் டீம். மேட்ச் முடிந்ததும் மாமனார் வீட்டில் கறிச்சோறு. மைதானத்து வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மாமியாரின் அடுப்படி வரைக்கும் கேட்கும். புது மாப்பிள்ளையின் மானம் முழுக்க அன்று அந்தக் குழாயில்தான் தொங்கியது.

மாமனார் டீக்கடை வைத்திருக்கிறார். பேட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் நடந்து முடிந்த பிறகு யோசனை சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. மாப்பிள்ளையை முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு மரியாதை. அதனால் எல்லாம் மகள் வழியாகத்தான் வரும். நான் பஸ்ஸில் போனால், “ஷேர் ஆட்டோல வந்திருந்தா அப்பவே வந்திருக்கலாம்ல, மாப்ளட்ட சொல்லும்மா” என்பார். ஷேர் ஆட்டோவில் போனால், “பஸ்ஸு காலியாத்தானம்மா போகுது” என்பார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்! இப்படி இருந்த மனுஷன் கையில் மைக். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

கடைசி ஓவர். எட்டு ரன் வேண்டும். எதிர்முனையில் எங்கள் கேப்டன். பேட்டோடு நான்.

முதல் பந்துக்கு டொக்கு வைத்தேன். பந்து காலடியிலேயே செத்து விழுந்தது. ரன் இல்லை.

“மாப்ள டொக்கு வைக்கிறாங்க!” என்றது வேப்பமரம். “எட்டு ரன்னு வேணும், இதுல என்னா டொக்கு? நல்லா வீசி அடிச்சிருக்கலாம்ல?”

சரி மாமா என்று அடுத்த பந்துக்கு மட்டையை வீசினேன். காற்றுதான் அடிபட்டது.

“அட, மாப்ள எதுக்கு இப்பிடிச் சுத்துறாங்க? பவுலருக்கு எதுக்கு இந்த வேல? அழகா டொக்கு வெச்சு அந்தப் பக்கம் விட வேண்டியதுதானே!”

பக்கத்தில் இன்னொரு கமெண்ட்ரிக்காரர். ஆட்டோவில் ஜவுளிக்கடை விளம்பரம் பேசுகிறவர். “அண்ணே, இப்பத்தான அடிக்கச் சொன்னீங்க?” என்று கேட்டேவிட்டார்.

“அது அந்தப் பந்துக்குப்பா.”

மைதானமே சிரித்தது. விக்கெட் கீப்பர் குனிந்து குனிந்து சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். விளிம்பில் பட்டுப் பின்பக்கம் பவுண்டரிக்குப் போனது. “இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன்!” என்றார் மாமனார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு நான் ஒன்று ஓட, கேப்டன் ஒன்று ஓட, கடைசிப் பந்து மறுபடி என்னிடமே வந்தது. இரண்டு ரன் எடுத்தால் ஜெயிப்போம். கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டான். பவுலர் ஓடி வர ஆரம்பித்தபோது, வேப்பமரம் ஊரே அதிரக் கத்தியது:

“மாப்ள, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஆளே இல்ல! டொக்கு வைங்க! டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்!”

கை தானாகவே அந்தப் பக்கம் தட்டியது. ஆனால் குழாய் எனக்கு மட்டுமா கட்டியிருக்கிறது? ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பாய்ந்திருந்தார்கள். நான் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, ஸ்டம்ப் பறந்தது.

ஊரே மாமனாரைத் தூக்கிக்கொண்டு ஆடியது. “மருமகனையே ஏமாத்திப்புட்டீங்களே, என்னா மூள!” என்றார்கள். “யேய், நெசமாத்தாண்டா சொன்னேன்” என்று அவர் கத்தினார். யார் நம்புவது? நானே நம்பவில்லை.

சாப்பாட்டில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “மாப்ளைக்கு ஈரல் வைம்மா” என்று மகளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

“மாமா, யாரு ஜெயிக்கணும்னு அப்பிடிக் கத்துனீங்க?”

அவர் வழக்கம்போல மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார், முகம் சிவந்துவிட்டது.

“என்னா மாப்ள இப்பிடிக் கேக்குறீங்க? நீங்க ஜெயிக்கணும்னுதான்! பதட்டத்துல வாய்ல வந்துருச்சு. மைக்குல கத்துனா அவிங்களுக்குந்தான கேக்கும்? அது தெரிஞ்சு நீங்க வேற பக்கம் தட்டிருக்க வேணாமா? அம்புட்டுக் கூறு வேணாம்?”

அடுப்படியில் கரண்டி விழுந்தது. மாமியார் பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கூறு இல்லையென்று, மாப்பிள்ளையிடமே சொல்லியாகிவிட்டது.

எனக்கு இருந்த கோபமெல்லாம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. சோற்றுச் சட்டி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

“இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க மாமா” என்றேன்.